டகுமியைத் திட்டிக்கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமை

‘நானா’ படித்திருக்கிறீர்களா? படிக்கவில்லை என்றால் இதை முடித்த கையோடு ஆரம்பித்துவிடுங்கள். படித்திருந்தால் எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லுங்கள்: நீங்கள் டகுமியைத் திட்டும் கட்சியா, ஹாச்சியைத் திட்டும் கட்சியா? அது எனக்குத் தெரிந்தாக வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தியிலோ மெட்ரோவிலோ பல் டாக்டர் கிளினிக்கிலோ, எதிரே உட்கார்ந்திருப்பவள் இந்தக் கதையைப் படித்திருப்பாளோ என்று ஒரு சின்னச் சந்தேகம் வந்துவிட்டால் போதும், எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். நாற்பதைத் தாண்டியவள் ஒரு காதல் காமிக்ஸுக்காக இப்படிக் குதிக்கலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் குதிக்கத்தான் போகிறேன்.

தெரியாதவர்களுக்கு அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ யஸாவா என்ற ஜப்பானியப் பெண்மணி எழுதி வரைந்தது. 2000-ல் ‘குக்கீ’ என்ற இதழில் தொடராக ஆரம்பித்து, 2002-ல் ஷோகாகுகான் விருது வாங்கி, 21 தொகுதிகள் வந்து, 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்று, 2009-ல் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனதால் அப்படியே நின்றுபோன கதை. கணக்கு வழக்கெல்லாம் அவ்வளவுதான். இப்போது கற்பனை பண்ணிப் பாருங்கள்: வெளியே பனி கொட்டுகிறது, டோக்கியோ போகும் ரயில், பக்கத்துப் பக்கத்து சீட்டில் 20 வயசுப் பெண்கள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் ஒரே பெயர், நானா. ஒருத்தி காதலனைத் தேடிப் போகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள், யார் அன்பாகத் தலையில் கை வைத்தாலும் உருகிவிடுவாள். இன்னொருத்தி பாடகி, கறுப்பு உடுப்பு, கையில் சிகரெட், நாலு வயசில் அம்மா விட்டுவிட்டுப் போன பெண், பேச்சு குறைச்சல். டோக்கியோ போய்ச் சேர்ந்த பிறகு மறுபடி தற்செயலாகச் சந்தித்து, 707-ம் எண் அறையில் சேர்ந்து குடித்தனம் வைக்கிறார்கள். ஸ்ட்ராபெரி படம் போட்ட ஜோடி கண்ணாடி டம்ளர் வாங்குகிறார்கள். பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி வருகிறாள் என்று பாடகி மற்றவளுக்கு ஹாச்சி என்று செல்லப் பெயர் வைக்கிறாள். இந்த இடம் வரைக்கும் நீங்கள் சிரித்துக்கொண்டே இருப்பீர்கள், சத்தியமாக. அதற்கப்புறம் யஸாவா அம்மையார் உங்கள் குரல்வளையில் மெதுவாகக் கை வைக்கிறார்.

டகுமி வருகிறான்.

டகுமி ‘டிராப்நெஸ்ட்’ என்ற பெரிய பாட்டுக்குழுவின் தலைவன். நீளமான தலைமுடி, அழகன், கெட்டிக்காரன், இருபத்திநாலு மணி நேரமும் உழைப்பவன். ஹாச்சி ஊரில் இருந்த காலத்திலேயே அவனுடைய ரசிகை. அவனுக்கு நேரம் கிடைக்கும்போது வருவான், நேரம் இல்லையென்றால் போனைக்கூட எடுக்கமாட்டான். இவள் மனசு ஆறி, நோபு என்ற நல்ல பையனோடு சேர்ந்து முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விடுகிறாள் பாருங்கள், அந்த நேரத்தில் வயிற்றில் குழந்தை. யாருடையது என்று அவளுக்கே நிச்சயமில்லை. டகுமி என்ன செய்கிறான் தெரியுமா? கத்தவில்லை, அடிக்கவில்லை. யாருடையதாக இருந்தாலும் நான் பொறுப்பு எடுத்துக்கொள்கிறேன் என்கிறான். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். ஆகா, மனுஷன் என்று தோன்றுகிறதா? முதுகில் சில்லென்று ஏறுகிறதா? இரண்டும் சேர்ந்து வருகிறதா? எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வந்தது, புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வராந்தாவில் நடந்தேன், திரும்ப வந்து அதே பக்கத்தைப் படித்தேன், மறுபடி நடந்தேன். இந்தக் கதையின் பாதி காகிதத்தில் இருக்கிறது, மீதிப் பாதி படிக்கிறவளின் வயிற்றுக்குள் இருக்கிறது. இதைத்தான் எல்லாரையும் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, இந்தக் கதை என்னைத் தில்லி சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். உடுப்பு! யஸாவா தன் பாத்திரங்களுக்கு மாட்டிவிட்டதெல்லாம் லண்டன் கிங்ஸ் ரோட்டில் கடை வைத்திருந்த விவியன் வெஸ்ட்வுட் அம்மாளின் சாமான்கள்: விரல் முழுக்க மூடும் கவசம் மாதிரியான மோதிரம், வளையம் சூழ்ந்த கோளம் தொங்கும் சங்கிலி, சிவப்புக் கட்டம் போட்ட துணி. 1970-களில் ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ கோஷ்டிக்கு உடுத்திவிட்டவர் அவர். 2022 டிசம்பரில் அவர் காலமான செய்தி வந்தபோது, உலகமெல்லாம் ‘நானா’ வாசகிகள் அழுதிருப்பார்கள், நான் அழுதேன். அந்தச் சாமான்களை அசல் விலைக்கு வாங்க எனக்கும் என் சித்தி பெண்ணுக்கும் இந்த ஜென்மத்தில் வழியில்லை. ஆனால் சரோஜினி இருக்கிறது! ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதும், தையல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் கழித்துக் கட்டியதும், லேபிளைப் பாதி வெட்டிவிட்டு மலை மலையாகக் கொட்டிவைத்திருக்கும் சரோஜினி. திங்கட்கிழமை தவிர எல்லா நாளும் தில்லியின் பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருப்பார்களோ என்று தோன்றும். நான் வளர்ந்ததே அங்கே அரசாங்கக் குவார்ட்டர்ஸில். மறுநிர்மாணம் என்று எங்கள் பிளாக்கையெல்லாம் இடித்துவிட்டார்கள், மார்க்கெட் மட்டும் அப்படியே நிற்கிறது.

ஒரு ஜனவரி ஞாயிறு. பிங்க் லைனில் இறங்கி மேலே வந்தால் வெளிச்சமே பால்கலந்த மாதிரி, சூரியன் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத குளிர், மூக்கு நுனி மரத்துப்போயிருக்கிறது. உள்ளே நுழைந்த நிமிஷம் குளிராவது ஒண்ணாவது! முன்னால் ஜனம், பின்னால் ஜனம், ஒரு பக்கம் மோமோ ஆவி, இன்னொரு பக்கம் ஆலு டிக்கி கல்லில் புரளும் சத்தம், பிரிக்காத துணிமூட்டையிலிருந்து வருமே ஒரு ஈர வாசனை, அது எல்லாவற்றுக்கும் மேலே. துணிக்குவியலின் உச்சியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்ற பையன், கையைத் தட்டித் தட்டி “தோ சௌ, தோ சௌ, தீதீ தோ சௌ!”, எல்லாம் இருநூறு ரூபாய் என்று கத்துகிறான். நானும் என் சித்தி பெண்ணும் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுகிறோம். நைலான், நைலான், யாரோ போட்ட ஸ்வெட்டர், ஜிப்பின் ஜில்லிப்பு, அப்புறம் விரலுக்குக் கம்பளி தட்டுப்பட்டது. சரசரவென்று கொஞ்சம் முரடாக இருக்குமே, அந்தக் கம்பளி. இழுத்தேன். சிவப்பு. கட்டம். இன்னும் இழுத்தேன். பாவாடை! மடிப்பு வைத்து, இடுப்பில் இரண்டு வார் பூட்டிய, அச்சு அசலாக பாடகி நானா உடுத்துகிற மாதிரிப் பாவாடை! நான் கத்திய கத்தலில் குவியல் மேல் நின்றிருந்த பையனே குனிந்து பார்த்தான்.

இன்னொரு நுனியை இன்னொரு கை பிடித்திருந்தது.

கல்லூரிப் பெண், இருபது இருபத்தொன்று இருக்கும், உதட்டில் கறுஞ்சிவப்பு, நடுவிரலில் கணுவுக்குக் கணு மடங்கும் வெள்ளி நிற மோதிரம். அந்த மோதிரத்தைப் பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. அவளும் என் சித்தி பெண்ணின் கழுத்தில் தொங்கிய கோளத்தைப் பார்த்துவிட்டாள். பாவாடையை விடாமலே, “நானா?” என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து “நானா!” என்றோம். அய்யோ, அந்த நிமிஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! முன்பின் தெரியாத ஒருத்தியும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பாவாடையைச் சுற்றி நின்று கோவிலில் தீபாராதனை பார்த்த மாதிரி சிரித்துக்கொண்டிருக்கிறோம், பின்னாலிருந்து ஒரு மாமி தள்ளுகிறார், ஒருவரும் நகரவில்லை. பாவாடை இடுப்பளவு 26, என் சித்தி பெண்ணுக்கு ஏறாது, எனக்கு நினைத்தே பார்க்க வேண்டாம், அவளுக்குக் கச்சிதம். நீயே எடுத்துக்கோ என்று கொடுத்தோம். அதற்குக் கைமாறாக என்னவோ, அவள் எங்களோடு பெல்ட் கடை ஓரத்துக்கு வந்து நின்று சண்டை போட்டாள்.

சண்டை என்றால் சாதாரணச் சண்டை இல்லை. ஹிந்தியில் ஆரம்பித்தது, இங்கிலீஷில் தாவியது, நானும் என் சித்தி பெண்ணும் எங்களுக்குள் தமிழில் பாய்ந்துகொண்டோம். அந்தப் பெண்ணுக்கு ஹாச்சியைக் கண்டால் ஆகாது. “அவளுக்குத் தெரியாதா அவன் எப்படிப்பட்டவன் என்று? நோபு கண்ணெதிரே நிற்கிறான். தெரிந்தே போய் விழுந்தாள். அழட்டும்” என்றாள். என் சித்தி பெண்ணுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. இந்தக் குட்டி முதலில் டகுமி மேல் பைத்தியமாக இருந்தவள், போனில் அவன் படத்தைத்தான் வைத்திருந்தாள், இப்போது அவளே வக்கீலாக மாறிக் கையை ஆட்டிப் பேசுகிறாள்: “அவளுக்கு இருபது வயசு, வேலை இல்லை, வயிற்றில் குழந்தை, நோபு அப்பாவிடம் கைநீட்டுகிறவன், டகுமியிடம் வீடு இருக்கிறது. நீ என்ன பண்ணியிருப்பே? அக்கா, நீ சொல்லு!” நான் என்ன சொல்ல? நான் பாடகி நானாவின் கட்சி. ஹாச்சியைத் தன் கைக்குள்ளேயே வைத்திருக்கத் துடிக்கிறாளே, அதுவும் ஒரு பிடிதானே, அன்பு மாதிரி இருக்கிற பிடி என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து என் மேல் பாய்ந்தார்கள்! பெல்ட் விற்கிற பையன் வியாபாரத்தை விட்டுவிட்டு எங்களையே பார்க்கிறான். கடைசியில் “யே டகுமி கௌன் ஹை, தீதீ?”, யார் அக்கா இந்த டகுமி என்று கேட்டேவிட்டான். மூன்று பேரும் ஒரே குரலில் சொன்ன பதிலை இங்கே அச்சில் போட முடியாது.

அப்புறம் ஒன்று நடந்தது. அந்தப் பெண் பேச்சை நிறுத்தி, பாவாடையின் வாரைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக நின்றாள். தனக்கும் ஒருத்தன் இருந்தான் என்றாள். எங்கே போகிறாய், யாரோடு, படம் எடுத்து அனுப்பு என்று கேட்டுக்கொண்டே இருப்பானாம், ஒருநாள்கூடக் குரல் உயர்த்தியதில்லையாம், எல்லாரும் எவ்வளவு அக்கறை என்றார்களாம். “ஹாச்சி மேல் எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் வருகிறது என்று இப்போதுதான் தெரிகிறது” என்றாள். என் சித்தி பெண் ஒன்றும் பேசாமல் அவள் கையிலிருந்த மோமோத் தட்டை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு கோடு, ஒரு கட்டம், பேச்சுக்குமிழுக்குள் நாலு வார்த்தை, ஜப்பானில் ஒரு அம்மாள் இருபது வருஷத்துக்கு முன்னால் வரைந்தது, அது இந்தத் தில்லிக் குளிரில் இவள் வாயைத் திறக்க வைக்கிறது என்றால், எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் எது!

அன்றைக்கே பாபு மார்க்கெட் பக்கம் ஒரு இரும்புச் சாமான் கடையில் சின்ன அலிகர் பூட்டு ஒன்று வாங்கினோம். எதற்கா? ரென்னுக்காக! ரென் பாடகி நானாவின் காதலன், டிராப்நெஸ்டில் கிடார் வாசிக்கிறவன், கழுத்தில் சங்கிலி போட்டுப் பூட்டுத் தொங்கவிட்டிருப்பான், சாவி நானாவிடம். செக்ஸ் பிஸ்டல்ஸின் சித் விஷியஸ் கழுத்தில் இருந்த அதே பூட்டு. சித்தின் காதலி நான்சி 1978 அக்டோபரில் நியூயார்க் ஓட்டல் அறையில் கத்திக்குத்தில் செத்துக் கிடந்தாள், கொலைக் குற்றம் அவன் மேலேயே விழுந்தது, அடுத்த பிப்ரவரியில் அவனும் ஹெராயினால் போய்ச் சேர்ந்தான். யஸாவா அந்தப் பூட்டைத் தெரியாமல் மாட்டவில்லை. ரென் நல்லவன், நானாவை உயிருக்குயிராக நேசிக்கிறவன், ஆனால் போதைக்குள் இறங்கிக்கொண்டே போகிறான், அவளுக்கோ அவன் இல்லாத நினைப்பு வந்தாலே மூச்சு முட்டி முட்டி வருகிறது. டகுமியைத் திட்டுவது சுலபம், இந்த ஜோடியை என்ன சொல்லித் திட்டுவீர்கள்? திட்ட முடியாமல்தான் நான் அழுதேன்.

டிராப்நெஸ்ட் கச்சேரிக் காட்சியை மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகிறேன், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தன்னை ஊரில் விட்டுவிட்டு டோக்கியோ போன ரென்னை நானா அதுவரை போய்ப் பார்க்கவே இல்லை. ஹாச்சி டிக்கெட் வைத்துக்கொண்டு கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிப் போகிறாள். முன்வரிசை. விளக்கு எரிகிறது. மேடையில் ரென். சுற்றிலும் ஆயிரக்கணக்கானவர்கள் கத்துகிறார்கள், நானா மட்டும் அசையாமல் நிற்கிறாள், கண்ணில் தண்ணீர் வழிகிறது, அவளுக்கே தெரிந்த மாதிரி இல்லை. பக்கத்தில் நிற்கும் ஹாச்சி அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவ்வளவுதான்! ஒரு வசனம் தேவையா அதற்கு? நான் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி, குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் வீட்டுக் கூத்து.

அம்மாவுக்கு எழுபது ஆகிறது. ராத்திரி சாப்பாடு ஆனதும் நான் பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன், அம்மா படம் பார்த்துக்கொண்டே ‘உம்’ கொட்டுவாள். டகுமி பொறுப்பு எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்ன இடத்தில் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? “நல்ல பிள்ளைதானேடி! வேற எவன் இப்படிச் சொல்லுவான்? சம்பாதிக்கறான், குழந்தைக்குப் பேர் கொடுக்கறான்.” நானும் என் சித்தி பெண்ணும் தலையில் அடித்துக்கொண்டோம். அம்மா அசையவில்லை. நாலு நாள் அவனுக்குத்தான் ஓட்டு. ஆனால் யஸாவா விடுகிற ஆளா! ஹாச்சி புது வீட்டுக்குப் போகிறாள், டகுமிக்கு வேலை, வேலை, வேலை, இவள் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், பழைய நண்பர்களைப் பார்க்க நினைத்தால் அவன் முகம் மாறுகிறது, இவள் என்ன நினைக்கிறாள் என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. ஹாச்சியின் மனசு மட்டும் கறுப்புக் கட்டத்தில் வெள்ளை எழுத்தாக ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒருநாள் அம்மா தானாகவே, “என்னடி இவன், அவளைப் பேசவே விடமாட்டேங்கறான்” என்றாள். நான் மூச்சுக் காட்டவில்லை. அப்புறம் அந்த இடம் வந்தது. அவள் வேண்டாம் என்ற பிறகும் அவன் கேட்காத இடம். அம்மா புத்தகத்தை மூடச் சொன்னாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து, நாங்கள் சரோஜினி குவார்ட்டர்ஸில் இருந்தபோது எதிர் பிளாக்கில் இருந்த ஒரு மாமியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அந்த மாமி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப மனசில்லாமல், எழுந்து எழுந்து உட்காருவாராம். “எங்களுக்கெல்லாம் அப்போ அது என்னன்னு சொல்லத் தெரியலைடி. அவ ஆம்படையான் நல்ல உத்தியோகம், குடிக்கமாட்டான். அவளுக்கென்ன குறைச்சல்னுதான் பேசிண்டோம்.” அன்றைக்கு ராத்திரி ஒரு மணி வரை அம்மா பேசினாள். இத்தனை வருஷத்தில் அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

2022 மே 11-ம் தேதி, கணவன் மனைவியின் சம்மதம் இல்லாமல் நெருங்கினால் அது பலாத்காரமா என்ற வழக்கில் தில்லி உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்களே, நினைவிருக்கிறதா? ஒருவர் சட்டத்தில் கணவனுக்கு இருக்கிற விலக்குச் செல்லாது என்றார், இன்னொருவர் செல்லும் என்றார். மறுநாள் பேப்பரை அம்மா புரட்டிவிட்டு மடித்து வைத்துவிட்டாளாம். ‘நானா’ படித்த பிறகு அதே விஷயத்தை என்னைத் தேடி எடுத்துத் தரச் சொன்னாள், அடிக்கோடு போட்டுப் படித்தாள். பேப்பர் செய்யாததை ஹாச்சி செய்தாள் ஐயா!

அம்மாவிடமிருந்து எனக்கு இன்னொரு புதையலும் கிடைத்தது. “இதென்ன பெரிய சண்டை! ஜெயகாந்தன் ‘அக்கினிப் பிரவேசம்’ எழுதினப்போ எங்காத்துல நடந்ததைப் பாத்திருக்கணும்” என்றாள். 1966, ஆனந்த விகடன். மழையில் காரில் ஏற்றிக்கொண்டு போனவனால் கெட்டுப்போய் வீடு திரும்பிய மகளைத் தாயார் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிற கதை. அம்மா அப்போது சின்னப் பெண். கும்பகோணத்தில் ஒரே விகடன் நாலு வீடு சுற்றி வருமாம், பாட்டி அந்தத் தாய் செய்தது சரி என்றாராம், அடுத்த வீட்டுக்காரர் விகடனையே நிறுத்திவிடுவேன் என்றாராம், கிணற்றடியில் இரண்டு கட்சி. ஊரெல்லாம் நடந்த அந்த வாதத்துக்குப் பதில் மாதிரித்தான், அந்தத் தாய் வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜெயகாந்தன் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார், 1972-க்கான சாகித்ய அகாதெமி விருதும் அதற்குக் கிடைத்தது. பாருங்கள்! வாசகர்கள் போட்ட கூச்சலிலிருந்து ஒரு நாவல்! கும்பகோணத்துக் கிணற்றடியில் என் பாட்டி நின்ற அதே சண்டையில்தான் சரோஜினி பெல்ட் கடை ஓரத்தில் நான் நின்றேன் என்று நினைத்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

என் சித்தி பெண்ணுடைய தலைமுறைக்கு இதெல்லாம் கைபேசியிலேயே கிடைக்கிறது. அவள் கொரியாவின் ‘சீஸ் இன் தி டிராப்’ வழியாக வந்தவள். சூன்கி என்பவர் 2010-ல் தொடங்கிய தொடர் அது. சிரித்த முகத்தோடு ஒரு சீனியர் மாணவன், அவன் சிரிப்பு ஏன் பயமுறுத்துகிறது என்று கதாநாயகிக்கு மட்டும் தெரியும். அவன் நல்லவனா கெட்டவனா என்று வருஷக்கணக்காகச் சண்டை போட்ட கூட்டம் உண்டு. நம் நாட்டிலேயே ஒன்று வேண்டுமா? அம்ருதா பாட்டீலின் ‘கரி’, 2008-ல் வந்தது, எடுத்துப் பாருங்கள். முதல் பக்கங்களிலேயே காதலித்த இரண்டு பெண்கள் மாடியிலிருந்து குதிக்கிறார்கள். ரூத்தை வலை காப்பாற்றுகிறது, அவள் ஊரைவிட்டே போய்விடுகிறாள். கரியைச் சாக்கடை காப்பாற்றுகிறது, அவள் புகை மூடிய நகரத்திலேயே தங்கி, விளம்பரக் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டு, விட்டுப்போனவளைச் சுமந்துகொண்டு நடக்கிறாள். கறுப்பும் சாம்பலுமாகவே போய்க்கொண்டிருந்து திடீரென்று வண்ணம் வருமே, அந்தப் பக்கத்தில் நான் “அம்மா!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். 2011 பிப்ரவரியில் சரோஜினியிலிருந்து நடக்கிற தூரத்தில், தில்லி ஹாட்டில், நாட்டின் முதல் காமிக் கான் நடந்தபோது நான் போயிருந்தேன். என் கண்ணில் பட்டதெல்லாம் முகமூடி வீரர்கள்தான். போன தடவை ஓக்லா மைதானத்தில் கறுப்புக் கோட்டும் கழுத்துப் பூட்டுமாக நானா வேஷத்தில் வந்த பெண்ணைக் கண்டதும் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் விடவில்லை.

‘நானா’வில் குறையே இல்லையா என்றால், அதில் வரும் ஷின் என்ற பதினைந்து வயசுப் பையனின் கதை எனக்கு வயிற்றைப் பிசையும், அதை இன்னும் கொஞ்சம் கண்டிப்பாக எழுதியிருக்கலாம். போகட்டும். இத்தகைய கதைகள் பெண்களைக் கெடுக்கும், கொடுமைக்காரனை அழகாக வரைந்தால் கொடுமையே அழகாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். டகுமி அழகாக இல்லாவிட்டால் ஹாச்சி எப்படி ஐயா விழுவாள்? என் அம்மா எப்படி நாலு நாள் அவனுக்கு ஓட்டுப் போடுவாள்? கோரப்பல்லோடு வருகிறவனிடமிருந்து ஓட யாருக்கும் காமிக்ஸ் தேவையில்லை!

இப்போது எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பெரிய வழக்கு வேறு. (கதை தெரியக் கூடாது என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

ரென் பனிச் சாலையில் கார் விபத்தில் இறந்துபோகிறான். அதற்குச் சற்றுப் பின்னால் தொடர் நின்றுவிட்டது. ஆனால் இடையிடையே பல வருஷம் கழித்து நடக்கிற பக்கங்கள் வருமே, அதில் ஹாச்சி மகள் சாட்சுகியோடு ஜப்பானில் இருக்கிறாள், டகுமி லண்டனில் இருக்கிறான், நானா காணாமல் போயிருக்கிறாள், ஹாச்சி அவளுக்காக 707-ஐ விடாமல் வைத்திருக்கிறாள். ஹாச்சி டகுமியை விட்டுவிட்டாளா, இல்லையா? என் சித்தி பெண், விட்டுவிட்டாள், காகிதத்தில் மட்டும்தான் மனைவி என்கிறாள். அம்மா ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறாள். “அவ அவனைக் கடல் தாண்டி அனுப்பிட்டாடி. விவாகரத்து கேட்டா அவன் விடமாட்டான், சண்டைக்கு வருவான். வேலை வேலைன்னு ஓடறவனை, போயிட்டு வான்னு வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பிச்சிருக்கா. எங்க தலைமுறையில எத்தனை பேர் பண்ணியிருக்கா தெரியுமா!” சித்தி பெண் வாயைப் பிளந்துவிட்டாள். நான் சோபாவில் ஏறி நின்று கை தட்டினேன். இப்படி ஒரு விளக்கத்தை நான் எங்கேயும் கேட்டதில்லை. சரோஜினி பெண்ணுக்கு உடனே குரல் செய்தி அனுப்பினோம். பத்து நிமிஷத்தில் அவளிடமிருந்து பதில் வந்தது, நாலு நிமிஷம் ஓடுகிற பதில், முழுக்க மறுப்பு! ஹாச்சிக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாதாம், அவள் இன்னும் அவனுக்காகத்தான் காத்திருக்கிறாளாம். அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணை ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொல்லு, நேர்ல பேசிக்கறேன்” என்று சொல்லியிருக்கிறாள்.